ஆன்ட்டி வெளியே போனபோது கேட்ட பியானோ

மேல் வீட்டில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். பிற்பாடு அத்தை அந்தப் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். ஆனால் லஸ் முனையில், எதிர்ச்சாரியைக் காட்டி, "அத்தை, அங்க பாரு, ஆன்ட்டி" என்று சொன்னது நான்.

மேல் வீட்டு ஆன்ட்டி ரொட்டிக் கடை வாசலில் நின்று ஒரு பொட்டலத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்கவில்லை. நாங்கள் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்தோம். கேட்டைத் திறக்கும்போதே மாடியிலிருந்து பியானோ கேட்டது. ஆன்ட்டி வழக்கமாக வாசிக்கிற பாட்டு. அவர் வழக்கமாக வாசிக்கிற விதம். அத்தை காய்கறிப் பையை அப்படியே கீழே வைத்தாள். நான் தெருவை எட்டிப் பார்த்தேன். ஆன்ட்டி வெகு நேரம் கழித்துத்தான் நடந்து வந்தார். அவர் படி ஏறும்போதும் பியானோ நிற்கவில்லை.

நான் கண்ணால் பார்த்ததையும், அம்மா பல வருடங்கள் கழித்துச் சொல்லித் தெரிந்துகொண்டதையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

மந்தைவெளியிலிருந்து சாந்தோம் போகிற வழியில் எங்கள் வீடு இருந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல் வீட்டு ஹால் இருந்த உயரத்தை மனதுக்குள் அளந்து பார்த்தால், முதல் தளத்துப் பல் மருத்துவரின் வரவேற்பறை அங்கே வருகிறது. அன்று கீழே நாங்கள் இருந்தோம்: அப்பா, அம்மா, அத்தை, நான். மேலே ஆன்ட்டியும் அவருடைய அப்பாவும். ஆன்ட்டியின் கணவர் அதற்கு முந்தின வருடமே வேலை கிடைத்து இங்கிலாந்து போயிருந்தார். மாடிப்படி எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி வெளிப்புறமாக ஏறும். யார் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குத் தெரியாமல் இராது, வீடு கட்டும்போதே யோசித்து வைத்த இடம் என்பார் அப்பா. அவருக்குத் தேனாம்பேட்டையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் தணிக்கை நடக்கும்.

ஆன்ட்டி தன் அப்பாவை டாடி என்று கூப்பிடுவார். அதனால் அவர் எனக்கு டாடித் தாத்தா. கோடம்பாக்கத்தில் படப் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். பின் வரிசையில் யாரோ ஒருவருடைய வயலினில் ஒரு தந்தி இறங்கியிருந்தால்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பாராம். அவருடைய தமிழும் அங்கே, லைட் தூக்கியவர்களிடமும் டீ கொண்டுவந்தவர்களிடமும் கற்றதுதான். எனக்கு நினைவு தெரிந்தபோது அவருக்குப் பார்வை போய்விட்டிருந்தது. விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்திருந்தன. வாசிப்பது ஆன்ட்டி, தாத்தா பின் அறையில் கட்டிலில் இருந்தபடி கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து பெரம்பூரிலிருந்தும் பறங்கிமலையிலிருந்தும் அவர்களுடைய சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். சமையல் வாசனைக்கு அத்தை ஜன்னல்களைச் சாத்துவாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் பியானோவைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்ததும் திறப்பாள். "அர்த்தம் புரியலை, ஆனா சேர்ந்து பாடறா" என்பாள். வருடத்துக்கு ஒரு குரல் குறைந்துகொண்டே வந்தது. விசாரித்தால் ஒருவர் ஆஸ்திரேலியா போயிருப்பார், இன்னொருவர் குடும்பத்தோடு இங்கிலாந்து. கடைசியில் ஆன்ட்டியும் தாத்தாவும் மட்டும் பாடினார்கள். அப்புறம் அவர்களுக்கும் விசா வந்தது. அத்தை தெரு முழுக்க "லண்டன் போறா" என்று சொன்னாள். லண்டன் இல்லை, அதற்கு வடக்கே ஏதோ ஊர் என்று அப்பா ஒவ்வொரு முறையும் திருத்தினார்.

டாடித் தாத்தா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். காற்று வாங்க ஆன்ட்டி அவரைக் கீழே கூட்டி வந்த ஒரு மாலையில் அப்பாவிடமே சொன்னார். "சார், பியானோ வந்தா நான் வரேன். இல்லாங்காட்டி இங்கயே கீறேன். வாடகைய ஏத்திக்கோங்க." ஆன்ட்டி அவசரமாக, "நாம போன பின்னாடி கப்பல்ல வரும் டாடி, எல்லாம் பேசியாச்சு" என்றார். அந்த அவசரத்தை அப்பா குறித்துக்கொண்டார்.

அப்பாவின் பயம் வேறு. அவருடைய நண்பர் ஒருவருக்குத் தி.நகரில் வீடு. குடியிருந்தவர் வெளிநாடு போகும்போது சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் சொந்தக்காரர் ஒருவரை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொந்தக்காரரைக் கிளப்ப நண்பர் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். அப்பா அந்தக் கதையை எங்களிடம் அடிக்கடி சொன்னார். சொல்லி முடித்ததும் மேல்தளத்தைப் பார்ப்பார்.

இந்த நிலையில் நாங்கள் கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். திரும்பி வந்த அன்று மாடிப்படித் திருப்பத்தில் சுவர் உராய்ந்து, காரை பெயர்ந்து, செங்கல் தெரிந்தது. அப்பா பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் அங்கே குந்தி உட்கார்ந்தார். விரலால் தடவினார்.

"பெரிய சாமானா ஏத்தியிருக்கா. பீரோவா இருக்கும்."

"கட்டிலும் மெத்தையுமா வந்திருக்கா போல இருக்கு" என்றாள் அத்தை.

காலி செய்யப்போகிறவர்கள் வீட்டிலிருந்து சாமான் இறங்கத்தானே செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே பியானோ வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

லஸ் முனை விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. ஆகவே அன்று அத்தை சொன்னதும் அப்பா ஆச்சரியப்படவில்லை. "ஆள் வந்தாச்சு. அதுவும் பியானோ தெரிஞ்ச ஆள். அவா மனுஷாளாத்தான் இருக்கும்" என்றார். நான் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

எங்கள் வீட்டிலும் மேல் வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவர் ஒருவரே. அத்தை அவரை மடக்கினாள்.

"மேலே எத்தனை தட்டு விழறது?"

"ரெண்டு தட்டுதாம்மா. ஆனா அந்தம்மா இப்பல்லாம் ஹால்ல பெருக்க வுட மாட்டேங்குது. நானே பெருக்கிக்கிறேன்னுது. கதவ சாத்திகினு கீது."

"மூணாவதா ஒரு ஆள் சாப்பிட்டா உனக்குத் தெரியுமோன்னோ?"

"வாழை இலைல துன்னா எனக்கு இன்னாம்மா தெரியும்?"

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அத்தைக்கு அது துப்பாகப் போயிற்று. மேல் வீட்டுக் குப்பைக்கூடையில் இலை விழுகிறதா என்று பார்க்க என்னை அனுப்பினாள். இலை இல்லை. ரொட்டி சுற்றிய காகிதம் இருந்தது. இரண்டு பேருக்கு இவ்வளவு ரொட்டியா என்று அதையும் சந்தேகப்பட்டோம்.

இதில் அம்மா மட்டும் கலந்துகொள்ளவில்லை. அம்மா தினமும் விளக்கேற்றிய பிறகு சுருதிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாடுவாள். அவளுக்கும் ஆன்ட்டிக்கும் வாய் திறந்து பேசிக்கொள்ளாத ஓர் உடன்பாடு இருந்தது. அம்மா பாடினால் மேலே பியானோ ஓயும். பியானோ ஆரம்பித்துவிட்டால் அம்மா சுருதிப் பெட்டியை மூடிவிடுவாள். ஒருவர் மற்றவருடைய சங்கீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை, அம்மா ஒரு கீர்த்தனையின் சரணத்தில் இருந்தபோது மேலே பியானோ ஆரம்பித்தது. அம்மா சட்டென்று நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவுக்கு வந்தபோது சுருதிப் பெட்டியைத் திறந்து, மெதுவாகப் பிடித்துப் பார்த்தாள். பாட்டு முடியும்போது மறுபடியும் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"சுருதி எறங்கறது."

"யாருக்கு?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். அவள் கண்டுபிடித்தது என்ன என்று பின்னால் எனக்குச் சொன்னாள். பாடுகிறவருக்குச் சுருதி இறங்கலாம். பியானோ ஒரே பாட்டுக்குள் அரைக் கட்டை இறங்காது. இறங்கினால் அது பியானோ இல்லை. பேட்டரி தீர்ந்துகொண்டு வருகிற டேப் ரெக்கார்டர். ஆனால் இதை அவள் அன்று அப்பாவிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கடைக்கு அனுப்பி, டார்ச் லைட்டில் போடுகிற பெரிய பேட்டரிகள் வாங்கி வரச் சொன்னாள். எங்கள் டார்ச் லைட் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அம்மா பேட்டரிகளைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"மேலே கொண்டுபோய் ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டு வா. அத்தைகிட்ட சொல்லிண்டு நிக்காதே. அப்பாகிட்டயும்தான்."

சத்தம் கேட்காமல் படி ஏறினேன். ஒளிந்திருக்கிற ஆளுக்கு அம்மாவும் உடந்தை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பியானோ கேட்டது. தள்ளினேன். ஹாலில் பியானோ இல்லை. அது நின்ற மூலையில் சிவப்புத் தரை மட்டும் பளபளவென்று இருந்தது. உருளைகள் அழுந்திய இடங்களில் வட்டமாகப் பள்ளம். நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் டேப் ரெக்கார்டர். அந்த மூலையில் அப்பா பிளக் பாயின்ட் வைக்கவில்லை. ஆன்ட்டிக்கோ சத்தம் அந்த மூலையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

சமையலறையிலிருந்து வந்த ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். நான் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்தவர் பேட்டரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா குடுத்தாங்களா?" குரல் காற்றாக வந்தது.

தலையை ஆட்டினேன். ஆன்ட்டி டேப்பை நிறுத்தினார். உடனே பின் அறையிலிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"யாரு அது?"

"கீழ் வீட்டுப் பாப்பா டாடி."

"இன்னா பாப்பா, ஆன்ட்டி வாசிக்கிறத கேட்டியா? எப்பிடிக் கீது?"

ஆன்ட்டி என் தோளைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகியது.

"நல்லா இருக்கு தாத்தா."

"நல்லாத்தான் கீது. கை கொஞ்சம் சோம்பேறி ஆயிடுச்சி. ஊருக்குப் போற யோசனைல கீறா. வேற ஒண்ணும் இல்ல."

ஆன்ட்டி என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போய், ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்து, கிசுகிசுவென்று எல்லாவற்றையும் சொன்னார். சின்னப் பெண்ணிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்ல வேறு யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் அவர் கணவர் பார்த்திருக்கும் வீட்டில் வாசலும் மாடிப்படியும் குறுகல். பியானோ உள்ளே நுழையாது. அடையாற்றில் ஒரு கான்வென்ட் அதை எடுத்துக்கொள்ள முன்வந்தது. நாங்கள் கும்பகோணம் போயிருந்தபோது, சுவர் கெடும் என்று அப்பா தடுப்பார் என்று பயந்து, தாத்தாவைப் பறங்கிமலைச் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லாரி வைத்து இறக்கியாயிற்று. அதற்கு முன் மதிய வேளைகளில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுகளையும் வாசித்துப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்.

"டாடிக்குத் தெரிஞ்சா பிளேன் ஏற மாட்டார் டார்லிங். டாடி ஏறலன்னா நான் எப்படிப் போறது? என் ஹஸ்பண்ட் அங்க, நான் இங்க. அங்க போய் ஒரு நாள் மெல்ல சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும்..."

சொல்லவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து பாடம் படிப்பதைத் தொடர்ந்தேன். யாராவது ஏறினார்களா என்று அப்பா கேட்டால் இல்லை என்றேன், அது உண்மையும்கூட. அத்தைக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "இவ மூஞ்சி சரியில்லை. குப்பைக்கூடை பாக்க மேல போனப்போ பிஸ்கட் கிஸ்கட் குடுத்து மடக்கிட்டாளோ?" என்றாள். பிஸ்கட்வரைக்கும் அவள் ஊகம் சரி.

அவர்கள் புறப்படுகிற நாள் வந்தது. காலையிலேயே அப்பா சட்டை போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அறையாகப் பார்த்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாவி வாங்குவது என்று தீர்மானம்.

"இன்னிக்கு அங்க ஒண்ணும் கேக்காதேங்கோ" என்றாள் அம்மா.

"கேக்காம எப்படி சாவி வாங்கறது?" அம்மா அப்படிச் சொன்னதாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது.

அப்பா முன்னால் ஏறினார். பின்னால் நான். அம்மா ஃபிளாஸ்கில் காபியோடு வந்தாள். தெருவில் டாக்ஸி நின்றது. பெட்டிகள் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தன. அப்பா சமையலறையைப் பார்த்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். பரணில் டார்ச் அடித்தார். பரணில் ஓர் உடைந்த தொட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் தவிர ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஹாலுக்கு வந்தார்.

மூலை காலியாக இருந்தது. ஸ்டூல்கூட இல்லை. அப்பா அதைப் பார்த்தார். படித் திருப்பத்தில் பெயர்ந்த காரை அவருக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை உயர்ந்து, விரல் அந்த மூலையை நோக்கி நீண்டது. வாய் திறந்தது. வாசலருகே சாவியோடு நின்ற ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது பின் அறைக் கதவு திறந்தது. டாடித் தாத்தா கோட்டு போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆன்ட்டி அவரைப் பிடித்துக்கொள்ள ஓடப் பார்த்தார்.

"வுடு, நானே வரேன். தெரியாத வூடா?"

சுவரை ஒரு கையால் தடவியபடி நடந்து வந்தார். மூலையை நெருங்கியதும் சுவரிலிருந்து கையை எடுத்தார். பக்கவாட்டில் திரும்பினார். அங்கே இல்லாத பியானோவை நன்றாக விலகிச் சுற்றிக்கொண்டு, அதன் ஓரத்தில் இடித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மெதுவாக, பிசகாமல், இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"சார் இங்கதானே கீறீங்க? வூடு சரியா கீதா? எதுனா ஒடஞ்சிருந்தா, காணாங்காட்டி, இப்பவே சொல்லிடுங்க."

அப்பாவின் விரல் இன்னும் அந்தரத்தில் இருந்தது. அவர் ஆன்ட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லை சார். எல்லாம் இருந்த இடத்துல இருக்கு."

என் அப்பா தப்பான ஒரு கணக்கைத் தெரிந்தே சரி என்று சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

"தேங்க் யூ சார்" என்றார் தாத்தா. ஆன்ட்டி சாவியை அப்பாவிடம் கொடுத்தார். அம்மாவிடம் ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு, அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். தாத்தாவைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். டாக்ஸி அடையாறு பாலத்துப் பக்கம் திரும்பும்வரை நான் பால்கனியில் நின்று பார்த்தேன்.

கீழே அப்பா அத்தையிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. "கண்ணு தெரியாத மனுஷனை இப்படி ஏமாத்தலாமோ? பாவம்" என்று அத்தை இரைந்தாள்.

நான் ஹாலுக்குள் திரும்பி வந்தேன். அம்மா அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். காப்பாற்ற வேண்டிய ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன். தாத்தா பிளேன் ஏறப்போகிறார். ஆன்ட்டி அவர் கணவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

"நல்லவேளைம்மா" என்றேன். "தாத்தா பியானோவைத் தொட்டுப் பாக்கணும்னு கையை நீட்டியிருந்தா எல்லாரும் மாட்டிண்டிருப்போம்."

அம்மா திரும்பினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"ஆயுசு முழுக்க அதைத் தொட்டு வாசிச்ச மனுஷன்டி. கடைசியா ஒரு தடவை கையை நீட்டலையே" என்றாள். அவ்வளவுதான். ஜன்னல்களைச் சாத்தப் போய்விட்டாள்.

அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பிளேனுக்கு நேரமாகிவிட்டது, அந்த அவசரத்தில் தாத்தா பியானோவிடம் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.